வெள்ளி என்று சொன்னவன்

அத்தியாயம் பதினேழு

வலது தோள்பட்டை எழுந்திருக்க விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் உடம்பு ஓய்வு எடுக்காது, பழி தீர்த்துக்கொள்ளும். ஆறு நாள் தகடு அழுத்தும் இயந்திரத்தின் கைப்பிடியை இழுத்த கை, ஏழாம் நாள் தலைக்கு மேல் போகமாட்டேன் என்று அடம்பிடிக்கும். காதுக்காரன் இடது கையால் வலது கையைப் பிடித்துச் சட்டைக்குள் நுழைத்தான். பொத்தான் போட்டு முடிப்பதற்குள் இரண்டு முறை பல்லைக் கடித்தான்.

"தோள்ல எண்ணெய் தேய்ச்சு விடட்டுமா?" மனைவி முன்னால் வந்து நின்று கேட்டாள். அவள் முகத்தைப் பார்த்தபோது, கேட்பது இது இரண்டாவது தடவை என்று தெரிந்தது. இப்போதெல்லாம் அவள் எதையும் ஒரு முறை பின்னாலிருந்து சொல்லிவிட்டு, மறுமுறை முன்னால் வந்து சொல்வாள். கல்யாணமான புதிதில் அப்படி இல்லை. எப்போது அப்படி ஆனது என்று இருவருக்கும் நினைவில்லை.

"வேண்டாம். அவங்க வந்துடுவாங்க."

"வந்தா என்ன? வலிக்கிற தோளோட இருந்தா மட்டும் காசு வெள்ளியாயிடுமா?"

அவன் வாசலை எட்டிப் பார்த்தான்.

காதுக்காரன் என்பது சந்தை வைத்த பெயர். பழைய சாமான் சந்தையில் யாராவது வெள்ளிக் காசு வாங்க வந்தால் இவனைத் தேடிப் பிடிப்பார்கள். காசை விரல் நுனியில் நிறுத்தி, இன்னொரு காசால் சுண்டிவிட்டு, காதோரம் பிடித்து, கண்ணை மூடுவான். நல்ல வெள்ளி நீளமாய் இழைந்துகொண்டே போகும். செம்பு பாதியில் நின்றுவிடும். ஈயம் வாயே திறக்காது. 'வெள்ளி' என்பான், அல்லது 'வேண்டாம்' என்பான். அந்த ஒரு சொல்லுக்கு மேல் யாரும் பேரம் பேசியதில்லை.

அப்படிப்பட்டவன் தங்கைக்கு வாங்கிக் கொடுத்த காசை, செவ்வாய்க்கிழமை வெள்ளிக்கடைக்காரர் கத்திரியால் வெட்டினார். உள்ளே செக்கச்செவேலென்று செம்பு. அன்றைக்கு நின்ற சிரிப்பு, இரண்டு வீட்டிலும் இன்னும் திரும்பவில்லை.

அந்தக் காசுகள் எந்தப் பணத்தில் வாங்கியவை என்பதுதான் விஷயம். தங்கை புருஷனும் காதுக்காரன் வேலை பார்க்கும் அதே தகட்டுக் கம்பெனியில்தான் இருந்தார். மூன்று வருடத்துக்கு முன்னால் இயந்திரம் அவருடைய வலது கையில் மூன்று விரல்களை எடுத்துக்கொண்டது. நஷ்டஈட்டைக் கம்பெனி மொத்தமாகத் தரவில்லை. மாதாமாதம் பிய்த்துப் பிய்த்துக் கொடுத்தது. கையில் வைத்தால் கரைந்துவிடும் என்று, அரிசி பருப்பு போக மிஞ்சியதில் மாதம் ஒரு கனமான பழைய வெள்ளிக் காசு வாங்கச் சொன்னவன் அண்ணன்தான். ஒரு பக்கம் மீசைக்காரர் தலை, மறுபக்கம் கோதுமைக் கதிர். முப்பத்தொரு மாதம், முப்பத்தொரு காசு.

இப்போது பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சின்ன அறை வாடகைக்குக் கிடைத்திருக்கிறது. திருகாணி, மரை, வளையம் விற்கும் கடை. எந்தத் திருகாணி எந்த அளவு என்று மிஞ்சிய இரண்டு விரலால் தடவியே சொல்லிவிடுவார் தங்கை புருஷன். முன்பணத்தில் பாக்கியைத் திங்கட்கிழமை கட்டினால்தான் அறை. அதற்காகத்தான் தங்கை காசுகளை எடுத்துக்கொண்டு வெள்ளிக்கடைக்குப் போனாள்.

வெட்டிய காசின் இரண்டு பாதியையும் அன்று அவள் அண்ணன் உள்ளங்கையில் வைத்தாள்.

"ஒண்ணு எப்படியோ தப்பி வந்திருக்கும்," என்றான் அவன் அன்று.

இன்று அதைத்தான் பார்க்கப்போகிறார்கள்.

*

தங்கை கழுத்தில் போட்டிருந்த நீளத் துணியை எடுத்துத் தரையில் விரித்தாள். பழைய படுக்கை விரிப்பிலிருந்து கிழித்தது. ஒவ்வொரு மாதமும் வாங்கிய காசை அடுத்தடுத்த முடிச்சில் கட்டிவைப்பது அவள் பழக்கம். தனியாகத் தேதி எழுதத் தேவையில்லை. எந்த முடிச்சு எத்தனையாவது என்று எண்ணினால் மாதம் வந்துவிடும்.

"மச்சான், இதப் பாருங்க." தங்கை புருஷன் பையிலிருந்து ஒரு தகட்டுத் துண்டை எடுத்தார். ஓரத்தில் ஒரு காடி, காசு நுழையும் பிளவு, வெட்டியிருந்தது. "நேத்து பூரா உக்காந்து அரத்தால ராவினேன். முதல் முடிச்சுக் காசை வெள்ளிக்கடைக்காரர் கல்லுல உரசிப் பாத்து நல்லதுன்னுட்டார் இல்ல? அந்தத் தடிமனுக்கு வெட்டினது. நல்ல காசு உள்ள போகும். தடிச்சது போகாது."

"காந்தம் வெச்சுப் பாத்தேனே மாப்ள. ஒட்டல."

"செம்பும் ஒட்டாது மச்சான்."

"ஐஸ் கட்டி வெச்சேன். சட்டுன்னு உருகுச்சு."

"செம்புலயும் உருகும்."

"எடையும் சரியா இருந்துச்சே."

"அங்கதான் விளையாடியிருக்கான்." மூன்று விரல் இல்லாத கையால் தகட்டைப் பிடித்துக்கொண்டு, மற்றொரு கையால் காசைத் தடவினார். "வெள்ளி செம்பைவிடக் கனம். அதே எடை வரணும்னா செம்பைக் கூட்டணும். அகலத்தைக் கூட்டினா கண்ணு காட்டிக்கொடுத்துடும். அதனால தடிமன்ல கூட்டியிருக்கான், ஒரு நகக்கண் அளவு. கையில எடுத்தா தெரியாது. காடிக்குத் தெரியும்."

"பேசினது போதும், போட்டுப் பாருங்க," என்றாள் காதுக்காரன் மனைவி.

முதல் முடிச்சை அவிழ்த்தார்கள். காசு காடிக்குள் வழுக்கிப் போனது. இரண்டாவதும் போனது. மூன்றாவது, நான்காவது. ஒவ்வொன்று போகும்போதும் தங்கை ஒரு பெருமூச்சை அரையாக விட்டு அரையாக நிறுத்தினாள். பதினொன்றாவது போனபோது காதுக்காரன் தைரியமாகச் சுவரில் சாய்ந்தான்.

பன்னிரண்டாவது முட்டிக்கொண்டு நின்றது.

"திருப்பிப் போடுங்க," என்றாள் தங்கை.

திருப்பிப் போட்டார். நின்றது.

பதின்மூன்று நின்றது. பதினான்கு நின்றது. அதற்குப் பிறகு தங்கை முடிச்சை அவிழ்க்கும் வேகம் கூடியது. பற்களால் இழுத்து அவிழ்த்தாள். முப்பது வரை ஒன்றும் நுழையவில்லை. முப்பத்தொன்றாவது ஏற்கெனவே இரண்டு துண்டாகக் கிடந்தது.

"பதினொண்ணு நல்லது," என்றார் தங்கை புருஷன் மெதுவாக. "இருபது பொய். நடுவுல கலந்து வரல பாருங்க. ஒரு இடத்துல கோடு கிழிச்ச மாதிரி மாறியிருக்கு."

"காசு வித்த அந்தக் குடைக்காரன் அப்ப இருந்து சரக்க மாத்திட்டான்," என்றாள் மனைவி. "நாசமாப் போறவன்!"

"அவன் மாத்தினா அண்ணனுக்குத் தெரிஞ்சிருக்கணுமே அண்ணி," என்றாள் தங்கை.

அவள் குரலில் குற்றம் எதுவும் இல்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள். அதுதான் காதுக்காரனுக்குத் தாங்கவில்லை. எழுந்து செருப்பை மாட்டினான்.

"வா, போலாம். அவனை இன்னைக்கு உரிச்சுடறேன்."

"நான் கடைக்குப் போய்ப் பலகை அடிக்கறேன்," என்றார் தங்கை புருஷன். "சாயங்காலம் அறைச் சொந்தக்காரர் வருவார். காசோட வாங்க, இல்ல சேதியோட வாங்க."

*

சந்தை வெயிலில் கிடந்தது. தார்ப்பாய் விரிப்புகளில் முள்ளில்லாத கடிகாரம், ஒற்றைச் செருப்பு, குழாய்த் தலை, யாரோ செத்தபின் வீட்டார் தூக்கிப் போட்ட மூக்குக்கண்ணாடிகள். நடுவில் கம்பி ஒடிந்த கறுப்புக் குடை. அதன் அடியில் நாணயத் தட்டோடு குடைக்காரன்.

"காதுக்காரரே!" பாத்திரம் விற்கிறவள் கூவினாள். "இந்தத் தவலையைக் கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க, என் மாமியார் மாதிரியே சத்தம் போடுது!"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் அவள் பக்கம் திரும்பவே இல்லை. தங்கைதான் அவளைப் பார்த்தாள், பிறகு அண்ணனைப் பார்த்தாள்.

காதுக்காரன் வெட்டிய பாதிக் காசைத் தட்டில் வீசினான்.

"இது என்னய்யா?"

குடைக்காரன் எடுத்துப் பார்த்தான். ஆச்சரியப்படவில்லை. "செம்பு."

"நீ வித்தது."

"நான் வித்தேன். வெள்ளின்னு சொன்னது யாரு?"

"என்ன?"

"வெள்ளின்னு சொன்னது யாருன்னு கேட்டேன்!" அவன் குரலை உயர்த்தினான். "ஒரு நாளாவது நான் சொல்லியிருக்கேனா? தட்டுல கொட்டிவெப்பேன். நீ எடுப்பே, சுண்டுவே, கண்ண மூடிக்குவே. நீயே வெள்ளிம்பே. நீயே வெள்ளி விலைய எண்ணி வெப்பே. எனக்கே சந்தேகமா இருந்ததெல்லாம் உன் வாயால வெள்ளியாச்சு."

"என் காது பொய் சொல்லாது."

குடைக்காரன் சற்று நேரம் அவனையே பார்த்தான். கோபமாக அல்ல. கால் ஒடிந்த மாட்டைச் சந்தையில் பார்ப்பது போல. பிறகு தங்கையைப் பார்த்துச் சொன்னான்: "நீ இவர் தங்கச்சிதானே? இப்படி வாம்மா. இவரை அந்தப் பக்கம் திரும்பி நிக்கச் சொல்லு. நான் ரெண்டு காசு சுண்டறேன். சுண்டினதும் உனக்குத் தலையசைப்பேன், நீ இவர் தோளைத் தொடு. எதுன்னு இவரே சொல்லட்டும். ரெண்டும் சரியாச் சொல்லிட்டா இந்தத் தட்டோட எடுத்துட்டுப் போங்க."

காதுக்காரன் திரும்பி நின்றான். எதிரே பழைய கண்ணாடிச் சட்டங்கள் அடுக்கியிருந்தன. கண்ணை மூடினான்.

தங்கையின் விரல் தோளில் பட்டது. வலித்த தோள்தான். அந்த வலிக்கு மேலே காது முழுக்க அந்த இழை வந்து நிறைந்தது. நீளமாய், மெல்லிசாய், அறுபடாமல்.

"வெள்ளி," என்றான்.

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மீண்டும் விரல் பட்டது. இம்முறை அழுத்தமாக. அதே இழை. முதலாவதைவிடச் சுத்தமாகக்கூட இருந்தது.

"இதுவும் வெள்ளிதான். எனக்கேவா பொறி வெக்கற?"

சிரித்துக்கொண்டு திரும்பினான்.

குடைக்காரனின் இரண்டு கைகளும் மடியில் இருந்தன. தட்டில் காசுகள் வரிசை குலையாமல் கிடந்தன. தங்கை ஒரு கையால் வாயைப் பொத்தியிருந்தாள்.

"ரெண்டாவது காசு எங்க?" என்று கேட்டான் காதுக்காரன்.

"அண்ணே," என்றாள் தங்கை. "அவன் ஒண்ணையும் சுண்டவே இல்லண்ணே."

பக்கத்தில் யாரோ பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு வண்டிக்காரன் பின்னால் வந்து நகரச் சொல்லிக் கையை ஆட்டினான். காதுக்காரன் நகரவில்லை. அந்த இழை இன்னும் போய்க்கொண்டே இருந்தது. காசு இல்லாமல், கை இல்லாமல், யாரும் சுண்டாமல், தானாகவே.

"முதல்ல நீ சரியாத்தான் சொல்லிட்டிருந்தே," என்றான் குடைக்காரன். "அப்புறம் ஒரு நாள் பின்னாலேர்ந்து கூப்பிட்டேன். திரும்பல. நாலு தடவை கூப்பிட்டேன். அடுத்த வாரம் ஒரு செம்பை உள்ள கலந்து வெச்சேன். வெள்ளின்னுட்டே."

"தெரிஞ்சே செஞ்சியா?" என்றாள் தங்கை. "என் புருஷன் விரலு போன பணம்டா அது!"

"அது எனக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தாலும் என்ன பண்ணியிருப்பேன்னு எனக்குத் தெரியல. எனக்கும் வயிறு இருக்கு."

"பணத்தத் திருப்பிக் குடு."

"ரசீது வெச்சிருக்கியா?" என்றான் குடைக்காரன். அதைச் சொல்லும்போது அவளைப் பார்க்கவில்லை. தட்டைத் துணியால் மூடிக்கொண்டான்.

*

சந்தைக்கு வெளியே ஒரு மதில் நிழல். இருவரும் உட்கார்ந்தார்கள். அவள் அவனுடைய முகத்துக்கு நேராகத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அதுவரை அப்படி உட்கார்ந்ததில்லை.

"எவ்வளவு நாளாண்ணே?"

"எது?"

"காது."

"பேச்சு கேக்கறது கொஞ்சம் கொறஞ்சுதான் போச்சு. பட்டறையில எல்லாருக்கும் அப்படித்தான். அத யாரு பெருசா எடுத்துக்கறா?" அவன் மண்ணைக் கிளறினான். "இந்தச் சத்தம் ரெண்டு வருஷமா இருக்கு. படுத்தா இருக்கும். கம்பெனி சத்தம் மண்டையில மிச்சம் நிக்குதுன்னு நெனச்சேன். பகல்ல அது இருக்கறதே தெரியாது. காசக் காதுகிட்டக் கொண்டு போனா மட்டும் நல்லாக் கேக்கும். காசோடதுன்னுதான் நெனச்சேன். சத்தியமா அப்படித்தான் நெனச்சேன்."

"ஒருத்தர்கிட்டயும் சொல்லல."

"சொன்னா இயந்திரத்துலேர்ந்து எறக்கிடுவான். கூட்டிப் பெருக்கப் போடுவான், பாதிச் சம்பளம். வருஷா வருஷம் காது பாக்க ஒரு அம்மா வருவாங்க. கண்ணாடி அறைக்குள்ள உக்கார வெச்சு, சத்தம் கேட்டாக் கையத் தூக்குன்னுவாங்க."

"நீ எப்படித் தேறினே?"

அவன் தன் ஆள்காட்டி விரலை லேசாகத் தூக்கிக் காட்டினான்.

"வெளில வரிசையில நிக்கறவன் கண்ணாடி வழியா விரலைக் காட்டுவான். அவங்க பொத்தான அழுத்தும்போது விளக்கு எரியும், அது அவனுக்குத் தெரியும். எல்லாரும் எல்லாருக்கும் செய்யறதுதான்."

"உனக்கு யாரு காட்டினா?"

"முதல்ல மாப்ளதான். அவர் போனப்புறம் வேற ஒருத்தன்."

தங்கை முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அவன் கையை நீட்டினான், தொடவில்லை. அழுகையா சிரிப்பா என்று அவனுக்குப் புரியவில்லை. முகம் தெரியாவிட்டால் இப்போது அவனுக்கு ஒன்றுமே புரிவதில்லை.

நிமிர்ந்தபோது அவள் கண்கள் சிவந்திருந்தன.

"குடைக்காரன் திருடன்னு எனக்கு முதல் நாளே தெரியும்ணே," என்றாள். "தெரிஞ்சுதானே உன்னைக் கூட்டிட்டுப் போனேன்."

*

கடை அறையில் இரண்டு பலகை ஏறியிருந்தது. மூன்றாவதை நெஞ்சால் முட்டுக் கொடுத்துச் சுவரோடு வைத்து, இரண்டு விரலில் ஆணியைப் பிடித்து, இடது கையால் சுத்தியலை ஓங்கிக்கொண்டிருந்தார் தங்கை புருஷன். காதுக்காரன் ஓடிப்போய்ப் பலகையைத் தாங்கினான். தோள் நெருப்பாய் எரிந்தது. ஆணி இறங்கும்வரை விடவில்லை.

"என்ன சொன்னான்?"

"நீயே சொல்லு," என்றாள் தங்கை அண்ணனிடம். "நான் சொல்லமாட்டேன்."

சொன்னான். நின்றுகொண்டே சொன்னான். சந்தையில் திரும்பி நின்றதையும், இரண்டு முறை 'வெள்ளி' என்றதையும் விடாமல் சொன்னான். தங்கை புருஷன் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுத் தன் வலது கையைப் பார்த்தார். ஆள்காட்டி விரல் இருந்த இடத்தில் தோல் இழுத்துத் தைத்த மேடு மட்டும் இருந்தது.

"உனக்கு அப்ப காட்டினது இந்த விரல்தான் மச்சான்," என்றார். கோபத்தில் 'ங்க' போய்விட்டது, அதை இருவரும் கவனிக்கவில்லை. "விளக்கு எரியறப்ப எல்லாம் தூக்கினேன். உனக்குக் கேக்கலன்னு தெரிஞ்சுதான் தூக்கினேன். அப்புறம் மாசாமாசம் இவள உன்கூடக் காசு வாங்க அனுப்பறேன். ஒரு தடவைகூட ரெண்டையும் சேர்த்து யோசிக்கலியே. நானும் ஒரு மடையன்."

"நான் யோசிச்சிருக்கணும்."

"ஆமா. நீ யோசிச்சிருக்கணும்."

வெளியே பேருந்து ஒன்று புகை கக்கிக்கொண்டு போனது. மூவரும் அது போகட்டும் என்று காத்திருப்பவர்கள் போல நின்றார்கள்.

"நாளைக்குக் கம்பெனி ஆபீசுக்குப் போறேன்," என்றான் காதுக்காரன். "காது போச்சுன்னு எழுதிக் குடுக்கறேன். காதுக்கும் நஷ்டஈடு உண்டாம். அத அப்படியே இவகிட்ட..."

"வருஷா வருஷம் தேறினதாக் கையெழுத்துப் போட்டிருக்கே. தர்றானோ, ஏமாத்தினேன்னு வெளிய தள்றானோ," என்றார் தங்கை புருஷன். "உன் வீட்டுல அக்காகிட்டச் சொல்லிட்டியா?"

"இல்ல."

"முதல்ல அதப் போய்ச் சொல்லு."

வாசலில் நிழல் விழுந்தது. அறையின் சொந்தக்காரர் சைக்கிளை நிறுத்திப் பூட்டிக்கொண்டிருந்தார். தங்கை புருஷன் பதினொரு காசு இருந்த துணியை எடுத்துக்கொண்டு, முகத்தைச் சட்டையில் துடைத்தபடி அவரிடம் போனார். வாசல் வெளிச்சத்தில் அவர் கும்பிடுவதும், சொந்தக்காரர் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டுவதும் தெரிந்தது. என்ன பேசுகிறார்கள் என்று காதுக்காரனுக்குத் தெரியவில்லை. தங்கை முகத்தைப் பார்த்தான், அதிலாவது தெரியுமா என்று. அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா சொல்றார்?"

அவள் அவனுக்கு நேராகத் திரும்பி, உதடு தெளிவாகத் தெரியும்படி, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"நான் உன்னோட பேசாம இருக்கமாட்டேன். அண்ணிகிட்டச் சண்டைக்கும் வரமாட்டேன். ஆனா, போகட்டும் விடுன்னும் சொல்லமாட்டேன்ணே. நீ எனக்கு இருபது வெள்ளிக் காசு தரணும்."